மேட்டுத் தெருவின் இருபது நிமிடம்

மேட்டுத் தெருவில் முதல் கண்ணீர் ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினொன்று பத்துக்கு வந்தது. சாத்தூருக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கும் சீமைக்கருவேலம் புதருக்கும் நடுவே கிடக்கும் செவல்மேடு என்ற ஊரில், ஐம்பத்திரண்டு வீடுகள் உள்ள அந்தத் தெருவில், ரவிக்கைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்த தையல்காரரும், பால் ஆற்றிக்கொண்டிருந்த டீக்கடைக்காரரும், தொட்டிலில் கிடந்த பிள்ளையும், தெருவோடு ஒரு சம்பந்தமும் இல்லாமல் கோலமாவு விற்றுக்கொண்டு சைக்கிளில் போன மனிதரும், விம்மலோ துக்கமோ ஏதுமின்றி ஒரே சமயத்தில் அழுதார்கள். கன்னத்தில் நேர்கோடாக நீர் இறங்கியது, அவ்வளவுதான். இருபது நிமிடம் கழித்துக் குழாயைத் திருகி மூடியதுபோல் நின்றது. எல்லாரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

அழாதவள் ஒருத்திதான். அவள் மாரீஸ்வரி. தெருக்கோடி வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். முந்தின நாள் சாயங்காலம்தான் அவள் வீட்டுக்கு ஒரு பழைய ஃபிரிட்ஜ் வந்து இறங்கியிருந்தது.

சாயங்காலம் ஏழு பத்துக்குத் தெரு மறுபடியும் அழுதது. மறுநாள் விடிந்தபோது தலையணைகள் நனைந்திருந்தன. அன்று பகல் பதினொன்று பத்துக்கு, வாசலில் நின்று மாவு வாங்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாள்தான் அதைக் கவனித்தாள். உள்ளே ஃபிரிட்ஜ் 'டக்' என்றது, அதன் உறுமல் அடங்கியது, அவள் கண்ணில் நீர் இறங்கியது. இருபது நிமிடம் அவள் அங்கேயே நின்று பார்த்தாள். மறுபடி 'டக்' என்றது, உறுமல் தொடங்கியது, கண்ணீர் நின்றது.

"உன் பொட்டி நின்னா நாங்க அழுவுறோம்த்தா," என்றாள் பேச்சியம்மாள், முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு. கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மாவுப் பொட்டலத்தோடு போய்விட்டாள்.

ஃபிரிட்ஜைச் சரிபார்த்து விற்ற மெக்கானிக் அபுதாகிர் கடைவீதியிலிருந்து வந்தார். பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் திறந்து பார்த்துவிட்டு, பொட்டியில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்.

"உள்ளுக்குள்ள ஒரு சுருள் குழாய் இருக்குக்கா. குளிர உண்டாக்குறது அதுதான். நீங்க கதவத் திறக்கத் திறக்க வெளிக்காத்துல உள்ள ஈரம் பூராம் அது மேல போய் பனியா ஒட்டிக்கிரும். பனி கட்டியாயிட்டா குளிர் வெளிய வராது. அதனால எட்டு மணி நேரத்துக்கு ஒருக்கா இந்த டைமர் சுத்தி வந்து மோட்டார நிறுத்திட்டு, அந்தச் சுருளுக்குப் பக்கத்துலயே இருக்குற ஹீட்டரப் போடும். பனி உருகி, ஒரு ஓட்ட வழியா அடியில இருக்குற தட்டுல சொட்டும். மோட்டார் சூட்டுல அந்தத் தண்ணி தானா ஆவியாப் போயிரும். நம்ம ஒண்ணும் செய்ய வேணாம். அந்த இருபது நிமிசந்தான் தெருவுல அழுவுறாக."

"குளிர்ற பொட்டிக்குள்ள எதுக்கு பாய் அடுப்பு?"

"சூடு காட்டாத குளிரு தன்னையே மூடிக்கிரும்க்கா," என்றார் அபுதாகிர். அதற்குள் ஏழு பத்து ஆகிவிட்டது. அவரும் அழுதுகொண்டே திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

மேட்டுத் தெரு இந்த அழுகையை ஒரு வாரத்துக்குள் வீட்டு மனுசியைப்போல ஏற்றுக்கொண்டது. தையல்காரர் பதினொன்று ஐந்துக்கே பட்டுத் துணிகளை மடித்து ஓரம் வைத்தார். டீக்கடைக்காரர் பால் சட்டியை மூடினார். சவரக்கடையில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கடைக்காரரும் பாதி நுரை முகத்தோடு வாடிக்கையாளரும் கண்ணாடிக்கு எதிரே அமைதியாக அழுதார்கள். பெண்கள் வெங்காயம் உரிக்கிற வேலையை அந்த நேரத்துக்கென்று ஒதுக்கிக்கொண்டார்கள். எப்படியும் வரப்போகிற கண்ணீர்தானே. பாகப்பிரிவினையில் மூன்று வருசமாகப் பேசாமலிருந்த அண்ணனும் தம்பியும் எதிரெதிர் வாசலில் ஒரே நேரத்தில் அழ நேர்ந்து, ஒருநாள் அண்ணன் தன் துண்டைத் தம்பியிடம் நீட்டினான். சுகாதார நிலையத்து டாக்டர் வந்து எல்லார் கண்ணையும் டார்ச் அடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நேரம் வந்ததும் தானும் அழுதுவிட்டுப் போனார்.

கரண்ட் போனால் மட்டும் கணக்குத் தவறும். கரண்ட் இல்லாத நேரத்தில் டைமர் சுற்றாது, ஹீட்டர் எரியாது, அழுகையும் வராது. அதற்கு ஓய்வுபெற்ற லைன்மேன் சங்கரபாண்டி பொறுப்பேற்றுக்கொண்டார். எழுபத்தொன்பது வயது, ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டையை இன்னும் விடாதவர். கரண்ட் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்து, கழித்துக் கூட்டி, அடுத்த அழுகை எத்தனை மணிக்கு என்று டீக்கடை வாசலில் ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்பார். ஒரு நிமிடம்கூடப் பிசகியதில்லை.

ஒவ்வொரு முறையும் 'டக்' என்ற சத்தம் கேட்டதும் மாரீஸ்வரி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து, இரண்டு கை நீரை அள்ளிக் கண்ணில் அடித்துக்கொண்டு, முந்தானையால் துடைத்தபடி வாசலுக்கு வந்து நிற்பாள், எல்லாரையும்போல.

அவள் அழாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அவள் புருசன் ஞானகுரு, ஊர்க்காரர்கள் பயராபீஸ் என்று சொல்கிற பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் போர்மேனாக இருந்தான். ஒன்றரை வருசத்துக்கு முன்னால், லீவு நாளான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவசர வேலை என்று ஆபீஸில் சொல்ல, அவன் மேட்டுத் தெருவில் ஆறு வீட்டுக் கதவைத் தட்டி ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். மருந்து கலக்கிற அறை பத்தரைக்கு வெடித்தது. ஏழு பேரும் துணியில் பொதிந்து வந்தார்கள். அன்று அந்த ஆறு வீடுகளிலும் எழுந்த ஓலத்தைக் கேட்டபடி, தன் வீட்டு நடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாரீஸ்வரிக்கு, கதவைத் தட்டினவனுக்காக அழுகிற உரிமை தனக்கு இல்லை என்று பட்டது. அப்படியே இருந்துவிட்டாள்.

தெருவில் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. எதிரே பார்த்தால் சிரித்தார்கள். மாவும் அவளிடம்தான் வாங்கினார்கள். ஆனால் அந்த ஆறு வீட்டுக்காரர்கள் மட்டும் வாசலோடு நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்றரை வருசத்தில் அவர்களில் ஒருவர்கூட அவள் வீட்டு நிலைப்படியைத் தாண்டவில்லை. பேச்சியம்மாள் அதில் ஒருத்தி. அவளுடைய மூத்த மகள் முத்துமீனா அந்த ஆறு பேரில் ஒருத்தி, இருபது வயது.

பேச்சியம்மாளின் இளைய மகள் கனகவேணிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பலகையில் எழுதியிருந்த நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்து போகும்படிதான் ஏற்பாடு. வழியில் அவர்கள் வண்டி பஞ்சராகி, சரியாக அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். காப்பித் தம்ளரைக் கையில் வாங்கிய மாப்பிள்ளையின் தாயார் தேம்பலில்லாமல் அழத் தொடங்கினாள், மாப்பிள்ளை அழுதான், கூட வந்த தாய்மாமன் அழுதார். பெண் வீட்டாரும் அழுதுகொண்டே முறுக்குத் தட்டை நீட்டினார்கள். ஒன்றுமில்லை, இது இந்தத் தெரு வழக்கம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அவர்கள் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் கண்ணீரா என்று எழுந்து போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து, அழுகை இல்லாவிட்டால் யோசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பேச்சியம்மாள் மாரீஸ்வரியின் வாசலில் வந்து நின்றாள்.

"இத நிறுத்த முடியுமாத்தா?"

"நிறுத்திரலாம் மயினி," என்றாள் மாரீஸ்வரி, ஒரு கணமும் யோசிக்காமல். அந்த வீட்டுக்கு மறுப்புச் சொல்ல அவளிடம் வாய் இல்லை.

அபுதாகிர் வந்தார். "டைமரக் கழட்டி ஒயர நேரா முடிஞ்சு விட்டா மோட்டார் நிக்காம ஓடும். ஹீட்டர் வேலை செய்யாது. ஆனா பனி ஏறிக்கிட்டே போகும்க்கா. மாசக்கணக்குல தாங்காது."

"கல்யாணம் முடியிற மட்டும் தாங்கினாப் போதும் பாய்."

அவர் உள்ளங்கையளவு இருந்த அந்த டைமரைக் கழற்றி, ஒரு துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். அன்று பகல் பலகையில் எழுதியிருந்த நேரத்துக்கு எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. டீக்கடைக்காரர் மூடியை எடுத்துவிட்டுப் பாலை ஆற்றினார். அந்த வாரமே கனகவேணிக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். நாலு வாரத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

முதல் வாரம் தெரு சந்தோசமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரத்தில் கண்ணில் மணல் விழுந்ததுபோல ஓர் உறுத்தல் வந்தது. ஊதுகுழலால் அடுப்பை ஊதுகிறவர்களுக்குப் புகையில் கண் எரிந்ததே தவிர நீர் சுரக்கவில்லை. வெங்காயம் உரித்தால் எரிச்சல் மட்டும் மிச்சம். பிள்ளைகள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வாய் நிறையக் கத்தினார்கள், கன்னம் காய்ந்தே கிடந்தது. அண்ணனும் தம்பியும் ஒரு வேப்பங்கிளை யார் பக்கம் சாய்ந்தது என்பதற்காக மறுபடி பேச்சை நிறுத்தினார்கள். மாரீஸ்வரியின் ஃபிரிட்ஜில் மேல் அறையின் பின்சுவர் வெள்ளையாக வீங்கி முன்னால் வந்தது. மோட்டார் ராப்பகலாக உறுமியும் கீழ் அறையில் குளிர் இறங்கவில்லை. மாவு பொங்கிப் புளித்தது. இரண்டு நாள் மாவை அவள் சாக்கடையில் கொட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் காலையில் லைன்மேன் சங்கரபாண்டி, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டன் மாட்டும்போது, கட்டிலில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

தெரு முழுக்க அங்கே கூடியது. பெஞ்சில் கிடத்தி, நெற்றியில் காசு வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். அவர் மனைவி வீரலட்சுமி தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். சத்தம் வந்தது, கண்ணீர் வரவில்லை. ஒப்பாரி சொல்கிற பெண்கள் வட்டமாகக் கைகோத்து உட்கார்ந்து நாலு வரி பாடிவிட்டு, காய்ந்த முகங்களை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேர் நிறைந்த வீட்டில் அப்படி ஒரு மௌனம் இருந்ததில்லை. வீரலட்சுமி இரண்டு கையாலும் தன் கண்களில் அறைந்துகொண்டாள்.

"அம்பத்தோரு வருசம்," என்றாள். "அம்பத்தோரு வருசம் சோறு போட்ட மனுசனுக்கு ஒரு சொட்டு வரலையே. இப்பிடியே தூக்கிட்டுப் போவீகளா? நான் விட மாட்டேன். இப்பிடிக் காஞ்ச மூஞ்சியோட இவர நான் அனுப்ப மாட்டேன்."

பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. வீரலட்சுமியின் தம்பி மகன் செல்வக்கனி, கொத்து வேலை செய்கிறவன், எழுந்து போய்த் தன் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நேராக மாரீஸ்வரி வீட்டுக்கு வந்தான். தெருவும் அவன் பின்னால் வந்தது. ஃபிரிட்ஜின் மேல் கதவைத் திறந்தால் உள்ளே இடமே இல்லை. பனி ஒரு கல்லைப்போல வாய்வரை அடைத்து நின்றது.

"தள்ளுக்கா, ரெண்டு தட்டுல உடைச்சிருவேன்."

மாரீஸ்வரி கதவுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் குரலை உயர்த்தி அந்தத் தெரு கேட்டு ஒன்றரை வருசம் ஆகியிருந்தது.

"உளிய உள்ள விடாத. அந்தக் குழா ஓட்டையாப் போச்சுன்னா எல்லாம் போச்சு. உடைச்சு எடுக்குறது இல்ல இது."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற? அங்க பொணம் காத்துக் கெடக்கு."

அவள் போனை எடுத்து அபுதாகிரை அழைத்தாள். அவர் கோவில்பட்டியில் ஒரு வேலையில் இருந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி போனை உயர்த்திப் பிடித்தாள்.

"யாரும் கத்தி, கம்பின்னு கொண்டு போயிராதீக," என்றது அவர் குரல். "சுவிச்ச அணைச்சிட்டுக் கதவத் திறந்து போடுங்க. நல்லாக் கொதிக்கிற தண்ணிய ஏனத்துல ஊத்திக் கதவு வாய்கிட்ட வைங்க. ஆற ஆற மாத்துங்க. பனி தானா கைய விடும். நான் இந்த வேலைய முடிச்சிட்டு டைமரோட பஸ் ஏறுறேன்."

மாரீஸ்வரி சுவிச்சை அணைத்தாள். உறுமல் நின்று வீடு வெறிச்சென்றாயிற்று. ஃபிரிட்ஜுக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு, தன் அடுப்பில் காய்ந்த தண்ணீரை முதல் பாத்திரமாகக் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறியது. பனியில் ஒரு விரல்தடம் அளவுகூட உருகவில்லை. ஓர் அடுப்பு போதாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

கூட்டம் விலகியது. மகள் கல்யாணம் இன்னும் முடியாத பேச்சியம்மாள்தான், ஆவி பறக்கிற அண்டாவை முந்தானையால் பிடித்துக்கொண்டு, தெருவில் யாரையும் பார்க்காமல் வந்தாள். நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு வலது காலை உள்ளே வைத்தாள். அவளுக்குப் பின்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து ஒருவர் குண்டான் கொண்டுவந்தார், மருமகளைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து ஒருத்தி இட்லிச் சட்டியில் கொண்டுவந்தாள், தகப்பனைப் பறிகொடுத்த வீட்டுப் பெண் குக்கரிலேயே கொண்டுவந்தாள், இப்படி ஆறு வீட்டுத் தண்ணீரும் வந்தது. அதன் பிறகு துக்க வீடு தவிர, தெருவில் உள்ள ஐம்பத்தோரு அடுப்பும் எரிந்தது. ஆறினதை வெளியே கொண்டுபோனார்கள், கொதித்ததை உள்ளே கொண்டுவந்தார்கள். வீடெல்லாம் ஆவி நிறைந்து ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போயிற்று. மாரீஸ்வரி ஒவ்வொரு பாத்திரத்தையும் வாங்கி வைத்து எடுத்துக் கொடுத்தாள். அவள் உள்ளங்கைகள் சிவந்து கன்றின.

இரண்டரை மணிக்குப் பனிக்குள் ஒரு விரிசல் ஓடிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், கைப்பிள்ளை அளவு ஒரு பாளம் நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஓட்டை வழியாகத் தட்டில் இறங்கி, தட்டு நிறைந்து, தரையில் பரவி, நிலைப்படி வழியாகத் தெருவுக்கு வழிந்தது.

லைன்மேன் வீட்டிலிருந்து வீரலட்சுமியின் அழுகை வந்தது. அதைக் கேட்டதும் ஆவிக்குள் நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும், கையில் பாத்திரத்தோடு அப்படியே அழுதார்கள். இந்தத் தடவை சத்தமும் சேர்ந்து வந்தது. பதினெட்டு நாள் கண்ணீரை ஒரே மூச்சில் அழுதுகொண்டே ஓடிப்போய்ச் சங்கரபாண்டியைச் சுற்றி நின்றார்கள். பாட்டு நின்ற வரியிலிருந்து தொடர்ந்தது. அண்ணனும் தம்பியும் பாடையின் முன்பக்கத்தைத் தோளில் எடுத்தார்கள். நாலரைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது தெருப் பெண்கள் முச்சந்திவரை அழுதுகொண்டே போய்த் திரும்பினார்கள்.

மாரீஸ்வரி போகவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து, பழைய சேலையால் தண்ணீரை ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள். பேச்சியம்மாள் குளித்து, ஈரத் தலையோடு திரும்பி வந்து, கேட்காமலே ஒரு துணியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் துடைத்தார்கள்.

"நீ அழலையே," என்றாள் பேச்சியம்மாள்.

"அழுதேன் மயினி."

"குழாத் தண்ணிக்கும் கண்ணுத் தண்ணிக்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியாதாத்தா? முதல் நாள்லருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மாரீஸ்வரி துணியைப் பிழிந்தாள். "அவரு வந்து கதவத் தட்டாட்டி உங்க முத்துமீனா இருப்பா. இன்னிக்கி அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மயினி அழுவேன்?"

பேச்சியம்மாள் துணியைக் கீழே வைத்தாள். பனி விட்டுப்போன ஃபிரிட்ஜின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு தட்டுனாரு. அது நிசந்தான். அன்னிக்கி அவளுக்குத் தலவலி. போகலம்மான்னு போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டா. போர்மேன் வாசல்ல நிக்கிறாரு, எந்திரின்னு எழுப்பிவிட்டது நானு. தூக்குவாளியில பழைய சோத்த ஊத்திக் கையில குடுத்து அனுப்புனேன். இத நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு நடந்தியா, எனக்கு அது தோதா இருந்துச்சு. பழி பூராம் இந்த வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்னு வாசலோட நின்னுக்கிட்டேன்."

மாரீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரும் அந்த ரூமுக்குள்ளதானத்தா நின்னாரு," என்றாள் பேச்சியம்மாள். "வெளிய நின்னுக்கிட்டு எங்க பிள்ளைகள உள்ள அனுப்பலையே. அழு."

மாரீஸ்வரியிடமிருந்து வந்தது தெரு அழுத அழுகை மாதிரி இல்லை. முதலில் ஒரு இருமல்போல வந்தது. பிறகு மூச்சு வாங்க முடியாமல் உடம்பு குலுங்கியது. பிறகு, அறுபட்ட மாடு கதறுவதுபோன்ற ஒரு குரல் அவளுக்குள்ளிருந்து எழுந்து, புருசனின் பேரைச் சொல்லி, அவனைத் திட்டி, அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காப்பியைச் சொல்லி, மறுபடி பேரைச் சொல்லி, வீட்டை நிறைத்தது. பேச்சியம்மாள் அவளைத் தொடவில்லை, தேற்றவில்லை. ஈரத் தரையில் சம்மணம் போட்டு எதிரே இருந்தாள். அவள் கண் காய்ந்திருந்தது. தெருவில் யாருக்கும் அப்போது கண்ணீர் வரவில்லை. வாசலில் வந்து நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, நனைந்த தரையில் இடம் பார்த்துச் சுவரோரமாக உட்கார்ந்தார்கள்.

அபுதாகிர் பஸ்ஸை விட்டு இறங்கி, டைமர் இருந்த பையோடு வேகமாக வந்தவர், சத்தம் கேட்டு நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"மாட்டிரட்டுமாக்கா?" என்று மெதுவாகப் பேச்சியம்மாளிடம் கேட்டார். "கால் மணி நேர வேலதான்."

"இவ முடிக்கட்டும் பாய்."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"எம்புட்டு நேரம் வேணும்னாலும் ஆகட்டும்," என்றாள் பேச்சியம்மாள். "நீங்க உக்காருங்க."

அபுதாகிர் செருப்பைக் கழற்றிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்தார்.